எம்ஜிபி ஜிடிக்கு மஸ்டா கியர் பாக்ஸ்: பினாங்கில் நடந்த ஒரு மாற்றத்தின் ஆய்வு

1971ஆம் ஆண்டின் எம்ஜிபி ஜிடி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றிலிருந்து அதன் நான்கு கியர் பெட்டியைக் கழற்றிவிட்டு, 1990களில் வந்த மஸ்டா எம்எக்ஸ்-5 காரின் ஐந்து கியர் பெட்டியைப் பொருத்திய வேலையைப் பற்றிய ஆய்வு இது. வேலை நடந்த இடம் பினாங்குத் தீவின் ஜெலுத்தோங் வட்டாரத்திலுள்ள ஓர் ஒர்க்‌ஷாப். கழற்றுவதும் பொருத்துவதும் அவர்கள் பொறுப்பு; அளவெடுப்பும் கணக்கும் என்னிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தன. காரின் உரிமையாளர் அதைத் துணி போர்த்தி வைத்து ரசிப்பவர் அல்லர். கோலாலம்பூரில் இருக்கும் மகள் வீட்டுக்கு வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 350 கிலோமீட்டர் அதையே ஓட்டிக்கொண்டு போகிறவர். நெடுந்தூரத்துக்கு நான்காவது கியரிலேயே அலறிக்கொண்டு போவதைப் பொறுக்க முடியாமல்தான் இந்த யோசனைக்கு வந்தார்.

இப்படிப்பட்ட மாற்றங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் எந்தப் பெட்டி, எத்தனை கியர் என்பதிலேயே நின்றுவிடுகிறார்கள். இந்த வேலையில் பெட்டிக்குள் நாங்கள் கைவைத்தது மிகக் குறைவு. நேரமும் பணமும் போனது அதைச் சுற்றியுள்ள இடங்களில்: முன்னே எஞ்சினோடு சேரும் முகம், பின்னே தாங்கும் இடம், அதற்கும் பின்னே, விசையைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட். ஆகவே இந்த எழுத்தும் பெரும்பாலும் அங்கேயே நிற்கும்.

பழைய பெட்டியின் நிலை

எம்ஜிபி 1962 முதல் 1980 வரை தயாரிக்கப்பட்டது. கூரை மூடிய ஜிடி வடிவம் 1965இல் வந்தது. 1967இன் பிற்பகுதியில் வந்த இரண்டாம் வடிவத்தில்தான் முதல் கியருக்கும் சிங்க்ரோ, அதாவது பற்கள் உரசாமல் கியர் விழும்படி வேகங்களைச் சமப்படுத்தும் வளையம், கிடைத்தது. புதிய பெட்டிக்கும், அப்போது விருப்பத் தேர்வாக வழங்கப்பட்ட தானியங்கிப் பெட்டிக்கும் இடம் கொடுப்பதற்காக, தரைத் தகட்டின் நடுவே பெட்டி உட்காரும் நடுச்சுரங்கத்தை அகலப்படுத்தியதும் அந்த வடிவத்தில்தான். இந்த இரண்டாவது மாற்றம் எங்களுக்குப் பெரிய உதவி. 1967க்கு முந்தைய கார் என்றால் சுரங்கத்தின் தகட்டையே வெட்ட வேண்டியிருக்கும். அப்படிப்பட்ட காரில் இதைச் செய்ய நான் சம்மதித்திருக்க மாட்டேன்.

காரைக் கொண்டுவந்தபோது முதல் மூன்று கியர்களிலும் அரைக்கும் ஓசை கேட்டது. நான்காவதில் அது ஏறக்குறைய மறைந்துவிட்டது. காரணம் எளிது. நான்காவது நேரடி கியர். அதில் எஞ்சினின் விசை மேல் ஷாஃப்ட் வழியாகவே நேராகப் பின்னே போய்விடுகிறது. மற்ற கியர்களில் விசையைச் சுமக்கும் கீழ் ஷாஃப்டான லேஷாஃப்ட் சுழன்றுகொண்டிருந்தாலும் சுமை ஏற்பதில்லை. சுமை ஏறும்போது மட்டும் ஓசை வருகிறது என்றால் லேஷாஃப்டும் அதன் ஊசிப் பேரிங்குகளும் தேய்ந்திருக்கின்றன என்று பெட்டியைத் திறக்காமலேயே சொல்லலாம். இரண்டாவது கியரின் சிங்க்ரோவும் போயிருந்தது; குளிர்ந்த நிலையில் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போதெல்லாம் பற்கள் உரசின.

இதைச் செப்பனிட முடியாது என்பதல்ல. உதிரிப் பாகங்கள் இங்கிலாந்திலிருந்து வரும். ஆனால் நெடுஞ்சாலை வேகத்தில் எஞ்சினின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் இணைப்பான ஓவர்டிரைவ் இந்தக் காரில் கிடையாது. செலவழித்துச் செப்பனிட்ட பிறகும் நெடுஞ்சாலையில் எஞ்சின் அதே வேகத்தில்தான் சுழலும்.

கணக்கு

எம்ஜிபியின் பின் அச்சு விகிதம் 3.909, அதாவது சக்கரம் ஒருமுறை சுழலப் புரொப்பெல்லர் ஷாஃப்ட் 3.909 முறை சுழல வேண்டும். 165 அளவு டயரோடு நேரடி கியரில் எஞ்சின் 1000 சுற்றுக்குக் கார் மணிக்கு ஏறத்தாழ 28.8 கிலோமீட்டர் போகும். நெடுஞ்சாலையின் உச்ச வரம்பான 110இல் ஓட்டினால் எஞ்சின் 3800 சுற்றைத் தாண்டுகிறது. 1798 சிசி கொள்ளளவுள்ள அந்த பி-சீரிஸ் எஞ்சின் தன் முழுக் குதிரைத்திறனையும் 5400 சுற்றில் தருவது. அதில் எழுபது விழுக்காட்டில் மணிக்கணக்காக ஓட்டுவது எஞ்சினைக் கொன்றுவிடாது, ஆனால் ஓட்டுநரின் காதுக்கு ஓய்விராது.

அந்தக் காலத்திலேயே இதற்கு எம்ஜி வைத்திருந்த மருந்து லேகாக் ஓவர்டிரைவ். அதன் விகிதம் 0.82, அதைப் போட்டால் 110இல் 3130 சுற்று. எம்எக்ஸ்-5இன் ஐந்து கியர் பெட்டியில் ஐந்தாவது 0.814, அதே வேகத்தில் 3110 சுற்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எந்த ஓட்டுநரும் உணர மாட்டார். ஆகவே நல்ல நிலையில் ஓவர்டிரைவ் உள்ள எம்ஜிபி வைத்திருப்பவர் இந்த மாற்றத்தால் நெடுஞ்சாலையில் பெறுவது ஏதுமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை. அவருக்குக் கிடைப்பது மென்மையான சிங்க்ரோவும், இங்கேயே கிடைக்கும் உதிரிப் பாகங்களும் மட்டுமே.

லேத் பிடிக்கும் தம்பி ஒருநாள், "அண்ணே, அதே மஸ்டாவுக்கு ஆறு கியர் பெட்டி வந்திருக்கே, போடுறதுதான் போடுறோம், அதையே போட்டுடலாமே?" என்று கேட்டார். பலரும் கேட்கும் கேள்விதான். 1998க்குப் பிந்தைய எம்எக்ஸ்-5இல் வந்த அந்த ஆறு கியர் பெட்டியின் விகிதங்கள் 3.760, 2.269, 1.645, 1.257, 1.000, 0.843. ஆறாவது கியரின் எண்ணை ஐந்து கியர் பெட்டியின் ஐந்தாவதோடு வைத்துப் பார்த்தால் விடை தெரிந்துவிடும்: ஆறாவதில் எஞ்சின் கூடுதலாகவே சுழலும், 110இல் 3220. அந்தப் பெட்டியில் கியர் ஒன்று கூடியது நெடுஞ்சாலைக்காக அல்ல, இடைவெளிகளை நெருக்குவதற்காக. பந்தயத் தடத்தில் அதற்கு மதிப்பு உண்டு. மகள் வீட்டுக்குப் போகும் பயணத்தில் இல்லை. மேலும் 3.76 என்ற முதல் கியரை 3.909 அச்சோடு சேர்த்தால், 149 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையை 3000 சுற்றிலேயே தரும் இந்த எஞ்சினுக்கு அது நகர்ந்தவுடன் மாற்ற வேண்டிய கியராகிவிடும்.

ஐந்து கியர் பெட்டியின் முதல் நான்கு விகிதங்கள் 3.136, 1.888, 1.330, 1.000. எம்ஜியின் பெட்டியில் அவை 3.44, 2.167, 1.382, 1.000. இங்கே ஒரு குறை ஒளிந்திருக்கிறது. மஸ்டாவின் 1.6 லிட்டர் காரில் பின் அச்சு 4.3, அதோடு 3.136ஐப் பெருக்கினால் 13.48. எம்ஜியில் 3.44ஐ 3.909ஆல் பெருக்கினால் 13.45. இரண்டு காரும் முதல் கியரில் ஒரே பலத்தோடு நகர்ந்தன என்று பொருள். ஆனால் மஸ்டா பெட்டியை எம்ஜி அச்சோடு சேர்த்தால் 12.26 ஆகிறது, முதல் கியர் ஒன்பது விழுக்காடு நீண்டுவிடுகிறது, அதாவது அதன் இழுவிசை அந்த அளவு குறைகிறது. மேட்டில் நின்று கிளம்பும்போது கிளட்ச் அந்த ஒன்பது விழுக்காட்டைச் சுமக்க வேண்டும். அச்சையும் 4.3ஆக மாற்றலாமே என்றால், 110இல் சுற்று மீண்டும் 3400ஐத் தாண்டிவிடும். இரண்டையும் ஒருசேரப் பெற வழியில்லை. உரிமையாளரிடம் இதை எழுத்தில் கொடுத்தோம்; அவர் நெடுஞ்சாலையைத் தேர்ந்தார்.

ஃபோர்டு சியேராவின் ஐந்து கியர் பெட்டியும் எம்ஜிபிக்குப் பழக்கப்பட்ட ஒன்றுதான். ஆனால் இங்கே அந்தக் கார் அரிதாகிவிட்டது. பெட்டியைத் தேடி அலைவதைவிட மஸ்டாவைத் தேடுவது எளிது.

ஹாஃப்-கட் கடையிலிருந்து

ஜப்பானில் ஓடி முடித்த கார்களின் முன்பாதியை வெட்டி இறக்குமதி செய்யும் ஹாஃப்-கட் கடைகள் இல்லாமல் மலேசியாவில் இப்படிப்பட்ட வேலைகள் நடக்கா. எங்களுக்குக் கிடைத்த பெட்டி யூனோஸ் ரோட்ஸ்டர் ஒன்றின் முன்பாதியோடு வந்தது. எம்எக்ஸ்-5 ஜப்பானில் அந்தப் பெயரில்தான் விற்கப்பட்டது. ஹாஃப்-கட்டில் ஒரு வசதி உண்டு. பெட்டி எந்த எஞ்சினோடு இருந்தது, எப்படி ஓடிய கார் என்பதைச் சுற்றியுள்ள பாகங்களைப் பார்த்தே ஊகிக்கலாம். புரொப்பெல்லர் ஷாஃப்டை நடுவில் அறுத்திருந்தார்கள். ஆனால் ஷாஃப்டின் முனையில் பெட்டியின் வாலுக்குள் நுழையும் இணைப்பான யோக் அப்படியே இருந்தது. அது இல்லாமல் வாங்கியிருந்தால் தனியே தேட வேண்டியிருந்திருக்கும்.

எண்ணெயை வடித்துப் பார்த்தோம். வடிகால் நட்டின் காந்தத்தில் கறுப்புப் பசையாக மென்மையான இரும்புத் துகள் ஒட்டியிருந்தது. விரலில் தேய்த்தால் உறுத்தவில்லை. வெண்கல மினுமினுப்பு எண்ணெயில் இலேசாகத் தெரிந்தது. சிங்க்ரோ வளையங்கள் வேலை செய்த அடையாளம் அது, உடைந்த அடையாளம் அல்ல. பல் துண்டு எதுவும் இல்லை. யோக்கை மேலும் கீழும் அசைத்துப் பார்த்ததில் வாலிலுள்ள புஷ் இறுக்கமாகவே இருந்தது. எண்ணெய் சீல்களை மட்டும் மாற்றிவிட்டு உள்ளே எதையும் தொடாமல் விட முடிவு செய்தோம்.

கியர் லீவரின் அடிப்பகுதி தனிக் கவனம் பெற்றது. இந்த மஸ்டா பெட்டியில் லீவர் உட்காரும் கிண்ணத்துக்கென்று தனியாகச் சிறிதளவு எண்ணெய் உண்டு. முக்கிய எண்ணெயை மாற்றுவோர் இதை மறந்துவிடுவார்கள். அதன்மேல் இருக்கும் ரப்பர் உறை காலப்போக்கில் கிழியும். எங்கள் பெட்டியில் கீழ் உறை முழுவதும் வெடித்துக் கிடந்தது. கிண்ணத்தில் எண்ணெய் இல்லை, காய்ந்த சேறுதான் இருந்தது. நம் வெயிலில் எக்ஸாஸ்ட் சூடு நேரே உள்ளே ஏறுவதற்கு அந்தக் கிழிசல் ஒன்றே போதும். உறைகளையும் பிளாஸ்டிக் புஷ்ஷையும் மாற்றிக் கிண்ணத்தை நிரப்பிய பிறகு லீவரின் தளர்ச்சி போய்விட்டது.

பலம் போதுமா என்ற கேள்விக்கு நீண்ட விடை தேவையில்லை. இதே பெட்டி மஸ்டாவின் 1.8 லிட்டர் எஞ்சினோடும் ஓடியது. அதன் முறுக்குவிசை எம்ஜியினுடையதைவிடச் சற்று அதிகம். டர்போ போட்டவர்கள் இந்தப் பெட்டிகளை உடைத்திருக்கிறார்கள். 95 குதிரைத்திறன் எஞ்சினுக்கு அந்தக் கவலை இல்லை.

எஞ்சினோடு சேரும் முகம்

எம்ஜிபியில் கிளட்ச் பிளேட் மாற்றுவதற்கே எஞ்சினை வெளியே தூக்க வேண்டும். ஆகவே எஞ்சினையும் பெட்டியையும் ஒன்றாக இறக்கி மேசைமேல் வைத்துத்தான் அடுத்த வேலை தொடங்கியது.

கிளட்சை மூடி எஞ்சினோடு சேரும் மணி வடிவ உறையான பெல் ஹவுசிங், மஸ்டா பெட்டியில் தனியாகக் கழன்று வருவதில்லை. பெட்டியின் உடலோடு ஒரே வார்ப்பு. அதன் போல்ட் துளைகளுக்கும் எம்ஜி எஞ்சினின் பின் தகட்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. நடுவில் ஓர் அலுமினியத் தட்டு வேண்டும். அந்தத் தட்டின் தடிமனை நம் விருப்பம்போல் முடிவு செய்ய முடியாது. பெட்டியின் உள்நுழை ஷாஃப்ட் எவ்வளவு தூரம் முன்னே வருகிறதோ அதுதான் முடிவு செய்கிறது. ஷாஃப்டின் மூக்கு கிராங்க் ஷாஃப்டின் பின்புறத் துளையிலுள்ள புஷ்ஷுக்குள் போதிய ஆழம் நுழைய வேண்டும். ஆனால் அடியில் முட்டக் கூடாது. அதே நேரம் ஷாஃப்டின் ஸ்பிளைன் எனும் நீளவாட்டுப் பற்கள் முழுவதும் கிளட்ச் பிளேட்டின் நடுவுக்குள் இருக்க வேண்டும். இந்த இரண்டையும் அளந்து கழித்த பிறகு மிஞ்சுவதுதான் தட்டின் தடிமன். எம்ஜியில் ஸ்டார்ட்டர் மோட்டார் எஞ்சினின் பின் தகட்டில் மாட்டப்படுவதால், அது உட்கார மஸ்டா ஹவுசிங்கின் ஓரத்தில் ஒரு பகுதியைக் கடைந்தெடுக்க வேண்டியிருந்தது.

இனி இந்த வேலையின் உயிர்நாடி. கிராங்க் ஷாஃப்டின் மையக்கோடும் பெட்டியின் மையக்கோடும் ஒன்றாக விழ வேண்டும். விழாவிட்டால் என்ன ஆகும் என்பது உடனே தெரியாது, அதுதான் ஆபத்து. கார் ஓடும், கியர் விழும், உரிமையாளர் மகிழ்வார். சில மாதங்களில் மூக்குப் புஷ் ஒரு பக்கமாகத் தேயும், உள்நுழை பேரிங் முனகத் தொடங்கும், கிளட்ச் பிளேட்டின் ஸ்பிளைன் அரைபடும், சுமையின்போது கியர் தானாக வெளியே வந்து விழும். அப்போது எல்லோரும் பெட்டியைத்தான் குறை சொல்வார்கள்.

ஏற்கத்தக்க அளவு என்று பொதுவாகக் கொள்ளப்படுவது, நுண்ணளவுகளை முள்ளால் காட்டும் டயல் கேஜின் முழு ஆட்டத்தில் 0.13 மில்லிமீட்டர், பழைய கணக்கில் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஐந்து. வரைபடத்தை வைத்துத் துளையிட்டு இந்த அளவை எட்டிவிடலாம் என்று நம்புவது வீண். எனவே தட்டில் போல்ட் துளைகளைச் சற்றுப் பெரிதாக விட்டோம். இருப்பிடத்தை உறுதி செய்யும் டவல் பின்களுக்குத் துளையே போடவில்லை. தட்டை எஞ்சினில் கைப்பிடி இறுக்கத்தில் மாட்டி, ஃப்ளைவீலில் டயல் கேஜின் காந்த அடியை ஒட்டவைத்து, அதன் முனை தட்டின் நடுத்துளையின் உள்விளிம்பைத் தொடுமாறு அமைத்தோம். அந்தத் துளை, பெட்டியின் முகத்தோடு ஒரே பிடியில் கடையப்பட்டது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு எஞ்சினைக் கையால் மெல்லச் சுழற்ற வேண்டும். பிளக் இருந்தால் அழுத்தம் எதிர்த்துத் தள்ளும், முள் துள்ளும். முதல் சுற்றில் முள் காட்டிய முழு ஆட்டம் 0.38. மையம் விலகியிருப்பது அதில் பாதி, 0.19. முள் உச்சத்தில் நின்ற திசையைச் சாக்பீஸால் குறித்துக்கொண்டு, தட்டின் எதிர் ஓரத்தை ரப்பர் சுத்தியலால் தட்டினோம். தட்டுவதும் சுழற்றுவதும் மாறி மாறி நடந்து, ஆட்டம் 0.06க்கு வந்ததும் போல்ட்டுகளை முழு இறுக்கத்துக்குக் கொண்டுவந்து மறுபடியும் அளந்தோம். இறுக்கும்போது தட்டு நகர்வது வழக்கம். நகரவில்லை என்று தெரிந்த பிறகுதான் டவல் துளைகள் இரண்டும் தட்டு, எஞ்சின் தகடு இரண்டையும் சேர்த்து ஒரே வீச்சில் துளையிட்டு ரீமர் போடப்பட்டன.

அடுத்து முகத்தின் நேர்மை. கேஜின் முனையைத் தட்டின் முகத்தில் வைத்து இதேபோல் சுழற்ற வேண்டும். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு: கிராங்க் ஷாஃப்டுக்கு முன்னும் பின்னும் சிறிது இளக்கம் இருப்பதால், ஒவ்வொரு அளவின்போதும் அதை முன்னே தள்ளிப் பிடித்துக்கொண்டு படிக்க வேண்டும். இல்லையென்றால் படிப்பது முகத்தின் கோணலையா கிராங்க்கின் இளக்கத்தையா என்று தெரியாது.

கிளட்ச் விஷயத்தில் எம்ஜியின் ஃப்ளைவீலும் எட்டு அங்குல பிரஷர் பிளேட்டும் அப்படியே இருந்தன. அதே விட்டத்தில், நடுவில் மஸ்டாவின் ஸ்பிளைன் கொண்ட பிளேட் ஒன்றைக் கிளட்ச் செப்பனிடும் கடையில் கட்டிக் கொடுத்தார்கள். மஸ்டாவில் மூக்கைத் தாங்குவது ஃப்ளைவீலிலுள்ள பேரிங். எம்ஜியில் கிராங்க்கினுள் இருக்கும் வெண்கல புஷ். எண்ணெய் ஊறிய வெண்கலத்தில் வெளிவிட்டம் எம்ஜிக்கும் உள்விட்டம் மஸ்டாவுக்குமாக ஒரு புஷ் கடைந்தோம். எம்ஜியின் பழைய கிராஃபைட் அழுத்தியைத் தூக்கிவிட்டு மஸ்டாவின் ஃபோர்க்கையும் உருளும் பேரிங்கையும் வைத்ததால், ஹைட்ராலிக் சிலிண்டரும் மஸ்டாவினுடையதே ஆயிற்று.

பின்னே தாங்குவது எதை

எம்எக்ஸ்-5இன் அடியில் படுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் கியர் பெட்டியின்கீழ் குறுக்குச் சட்டமே கிடையாது. பெட்டியின் வாலிலிருந்து, பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் டிஃப்ரென்ஷியல் வரை நீளும் ஓர் அலுமினிய உத்தரம் இரண்டையும் ஒன்றாகப் பிணைக்கிறது. அந்தப் பிணைப்பே தாங்கல். அதனால்தான் அந்தக் காரில் ஆக்ஸிலேட்டரை மிதித்தவுடன் இடைத் தளர்ச்சி இல்லாமல் பின்சக்கரம் பதில் சொல்கிறது. எங்கள் ஹாஃப்-கட்டில் அந்த உத்தரம் பாதியில் அறுபட்டுத் தொங்கியது. முழுதாக இருந்தாலும் பயனில்லை. எம்ஜிபியின் பின் அச்சு இலைச் சுருள்களில் மேலும் கீழும் ஏறி இறங்குவது. அதோடு பெட்டியைப் பிணைக்க முடியாது.

ஆகவே பிறப்பிலேயே பின் தாங்கல் இல்லாத ஒரு பெட்டிக்குத் தாங்கல் உண்டாக்க வேண்டியிருந்தது. உத்தரம் மாட்டப்பட்டிருந்த அதே புடைப்புகளில் எஃகுத் தாங்கி ஒன்றைப் போல்ட் செய்து, அதற்கும் எம்ஜியின் கழற்றக்கூடிய குறுக்குச் சட்டத்துக்கும் நடுவில் ரப்பர் வைத்தோம். சட்டம் கார் உடலில் பழைய துளைகளிலேயே உட்கார்ந்தது. உடலில் எங்கும் வெட்டவோ வெல்டு வைக்கவோ இல்லை. தாங்கியில் துளைகளுக்குப் பதிலாக நெடும்பிளவுகள் விட்டோம். சாலையில் ஓட்டிப் பார்க்காமல் சரியான உயரம் தெரியாது என்பதால் இந்த ஏற்பாடு.

புரொப்பெல்லர் ஷாஃப்ட் இரண்டு காருக்கும் வெவ்வேறு முறை. எம்ஜியின் பெட்டி வாலில் போல்ட் போட்டு இணைக்கும் தகடான ஃபிளாஞ்ச் இருக்கும். நீளம் மாறுவதை ஷாஃப்டிலேயே உள்ள சறுக்கு ஸ்பிளைன் பார்த்துக்கொள்ளும். மஸ்டாவில் யோக் பெட்டியின் வாலுக்குள்ளேயே சறுக்கும். முன்னே மஸ்டாவின் யோக், பின்னே எம்ஜியின் ஃபிளாஞ்ச், நடுவே புதுக்குழாய் என்று ஷாஃப்ட் கட்டும் கடையில் செய்து பேலன்ஸ் போட்டு வாங்கினோம். நீளத்தை அளந்தது கார் தன் சக்கரங்களில் நிற்கும்போது. தொங்கும் அச்சில் அளந்த நீளத்துக்கு மதிப்பில்லை.

வேகமானி

இதைப் பலர் கடைசிவரை நினைப்பதில்லை. முதல் தலைமுறை எம்எக்ஸ்-5இல் வேகமானி கேபிளால் ஓடுவது என்பதால் எம்ஜியின் ஸ்மித்ஸ் வேகமானியோடு இணைக்க முடிகிறது. இரண்டாம் தலைமுறைப் பெட்டியில் மின் சென்சார் வந்துவிட்டது. ஆனால் இணைந்தால் மட்டும் போதாது. இந்தக் காரின் வேகமானி முகத்தில் சிறிய எழுத்தில் 1280 என்று அச்சிட்டிருக்கிறது. ஒரு மைலுக்குக் கேபிள் அத்தனை முறை சுழல வேண்டும் என்று அர்த்தம். மஸ்டா பெட்டி தருவது எத்தனை என்று அறியப் பழைய முறை ஒன்று இருக்கிறது: கேபிளின் உள்கம்பியை வேகமானியிலிருந்து விடுவித்து, முனையில் அட்டைத் துண்டு ஒன்றைக் குறியாகச் செருகி, காரை 52.8 அடி கையால் தள்ள வேண்டும். அது ஒரு மைலில் நூற்றில் ஒரு பங்கு. ஒர்க்‌ஷாப்பின் சிமெண்டுத் தரையில் நாடா விரித்துத் தள்ளினோம். அட்டை எட்டேமுக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றி நின்றது. வேண்டியதோ 12.8.

அப்படியே விட்டிருந்தால், கார் 110இல் ஓடும்போது முள் 75 கிலோமீட்டருக்குச் சமமான இடத்தில்தான் நிற்கும். நெடுஞ்சாலைக் கேமராவுக்கு அந்த விளக்கம் தேவைப்படாது. கேபிளின் நடுவில் வேகத்தைக் கூட்டும் சிறு பற்சக்கரப் பெட்டி ஒன்றை 1.47 விகிதத்தில் வைத்து, பிறகு ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தோம்.

சாலையில்

முதல் ஓட்டம் பினாங்குப் பாலத்தைத் தாண்டிப் பெருநிலத்தில். கியர்கள் வெண்ணெயாக விழுந்தன. ஆனால் 85ஐத் தாண்டியதும் தரைத் தகட்டில் ஒரு ரீங்காரம் தொடங்கி, 90இல் உச்சம் அடைந்தது. நான்காவதிலும் ஐந்தாவதிலும் அதே வேகத்தில் அதே அளவு; கிளட்சை மிதித்து எஞ்சினைப் பிரித்தாலும் குறையவில்லை. ஆகவே எஞ்சின் அல்ல, கிளட்ச் அல்ல; பெட்டிக்குப் பின்னால் சுழல்வது எதுவோ அது.

இந்த இடத்தில் பெரும்பாலோர் ஷாஃப்டைக் கழற்றி மறுபடி பேலன்ஸ் போடக் கொண்டுபோவார்கள். அதற்கு முன் ஒரு கணக்கு போடலாம். 90 கிலோமீட்டரில் இந்தக் காரின் ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3120 முறை சுழல்கிறது, வினாடிக்கு 52. பேலன்ஸ் குறை என்றால் சுற்றுக்கு ஒருமுறை அடிக்கும்: 52 ஹெர்ட்ஸ். ஷாஃப்டின் இரு முனைகளிலும் உள்ள மடங்கும் இணைப்பான யூ-ஜாயின்ட்டின் கோணக் குறை என்றால் சுற்றுக்கு இருமுறை அடிக்கும்: 104. கைப்பேசியில் அதிர்வை அளக்கும் செயலியைத் திறந்து சுரங்கத் தகட்டின்மேல் வைத்தபோது, முகடு எழுந்தது 104ஐ ஒட்டி. பேலன்ஸ் போட்ட கடைக்காரர் மேல் குற்றமில்லை.

யூ-ஜாயின்ட் கோணத்தில் சாய்ந்து சுழலும்போது, உள்ளே வரும் சீரான வேகம் வெளியே போகையில் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை கூடிக் குறையும். பின்னே உள்ள ஜாயின்ட் அதே கோணத்தில் எதிராகச் சாய்ந்திருந்தால் அந்த ஏற்ற இறக்கம் அங்கே ஒழிந்துவிடும். எனவே பெட்டியின் அச்சும் ஷாஃப்ட் சுழற்றும் டிஃப்ரென்ஷியலின் நுழைவுப் பற்சக்கரமான பினியனின் அச்சும் இணையாக இருக்க வேண்டும்; ஒரு டிகிரிக்குள் இருந்தால் போதும். டிஜிட்டல் கோணமானியில் பெட்டி பின்னோக்கி 3.6 டிகிரி தாழ்ந்திருந்தது; பினியன் முன்னோக்கி 1.9 டிகிரி உயர்ந்திருந்தது. வித்தியாசம் 1.7. எஞ்சின் தாங்கல்களிலிருந்து பின் தாங்கல் ஏறத்தாழ 900 மில்லிமீட்டர் தூரம். பிளவுகளில் 12 மில்லிமீட்டர் உயர்த்தியதும் பெட்டியின் சாய்வு 2.8க்கு வந்தது. மீதி 0.9 டிகிரியையும் ஒழிக்க அச்சுக்கும் சுருளுக்கும் நடுவில் ஆப்புத் தகடு வைக்கலாம் என்று பேச்சு எழுந்தது. நான் வேண்டாம் என்றேன். இலைச் சுருள் வண்டியில் ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது அச்சு முறுகி, பினியனின் மூக்கு மேலே எழும்பும். நின்ற நிலையில் அது சற்றுத் தாழ்ந்திருந்தால்தான் இழுக்கும்போது இணையாகும். உயர்த்திய பிறகு அதே பாதையில் ஓட்டியதில் ரீங்காரம் கேட்கவில்லை. முழு ஆக்ஸிலேட்டரில் மட்டும் இலேசான முனகல் மீந்திருக்கிறது.

நெடுஞ்சாலையில் 110இல் முள் 3100க்குச் சற்று மேல் நிற்கிறது. எஞ்சினின் முறுக்குவிசை உச்சம் 3000இல் இருப்பதால் சிறு மேடுகளை ஐந்தாவதிலேயே ஏறிவிடுகிறது. கோலகங்சாரைத் தாண்டி மெனோரா சுரங்கத்துக்கு ஏறும் நீண்ட மேட்டில் அது நடக்காது. லாரிகளின் பின்னால் 80க்கு இறங்கிவிட்டால் ஐந்தாவதில் எஞ்சின் 2260 சுற்றில் திணறும். நான்காவதுக்கு இறக்கியே ஆக வேண்டும். இறக்குவதில் சிரமமில்லை என்பதுதான் மாற்றம்.

முதல் கியரின் நீளம் தெரிந்தது பாலேக் பூலாவுக்குப் போகும் துன் சார்டோன் சாலையில். வளைவில், மேட்டில், நின்று கிளம்பும்போது பழைய பெட்டியைவிடக் கிளட்சைச் சற்றுக் கூடுதலாக வழுக்கவிட வேண்டியிருக்கிறது. இரண்டு பேரும் சாமானும் ஏறினால் இன்னும். தீவின் அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடங்களின் சரிவுகளிலும் அப்படியே. நெடுஞ்சாலைக்கே போகாமல் ஜார்ஜ்டவுனுக்குள்ளேயே ஓட்டும் ஒருவர் இந்த மாற்றத்தைக் கேட்டால் நான் தடுப்பேன்.

காரின் பதிவில் எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் மாறவில்லை. ஆயினும் வேலை தொடங்கும் முன்பே உரிமையாளர் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் கவுண்டரில் விளக்கிக் கேட்டுக்கொண்டார். காப்புறுதி நிறுவனத்துக்கும் படங்களோடு எழுதிக் கொடுத்தார். விபத்துக்குப் பிறகு விளக்குவதைவிட அது சுலபம். பழைய பெட்டி கிரீஸ் பூசப்பட்டு மரப்பெட்டியில் இருக்கிறது. விரும்பினால் அதே துளைகளில் அது திரும்ப உட்காரும்.

எண்ணெய் விஷயம் ஒன்று மிச்சம். எம்ஜியின் பெட்டிக்கு 20டபிள்யூ-50 எஞ்சின் எண்ணெயே ஊற்றப்பட்டு வந்தது. உரிமையாளரின் ஷெல்ஃபில் அதே டின்கள்தான் இருந்தன. மஸ்டா பெட்டிக்கு 75டபிள்யூ-90 கியர் எண்ணெய், இரண்டு லிட்டர். அதிலும் ஜிஎல்-4 தரத்தையே தேர்ந்தோம். ஜிஎல்-5இல் கூடுதலாக உள்ள கந்தகச் சேர்மங்கள் சூட்டில் வெண்கலத்தை அரிக்கக்கூடும், மேலும் அந்த எண்ணெயின் வழுவழுப்பு சிங்க்ரோ வளையம் பிடிக்க வேண்டிய உராய்வையும் குறைத்துவிடும். முதல் சில கோலாலம்பூர்ப் பயணங்களுக்குப் பிறகு எண்ணெயை வடித்தபோது காந்தத்தில் பழைய அளவைவிடக் குறைந்த துகளே இருந்தது. வெண்கலப் புஷ்ஷின் நிலையை மட்டும் எஞ்சினை மறுபடி இறக்கினால்தான் பார்க்க முடியும். அடுத்த கிளட்ச் மாற்றத்தின்போது அதை அளந்து, இப்போதைய 0.06 அளவோடு சேர்த்துப் பதிவு செய்வதாக ஏற்பாடு.